மூன்றாவது நடை

போன மாதம் எங்கள் விடுதியின் இப்போதைய செயலாளர் என் வீட்டுக்கு வந்து ஒரு தாளைக் கையில் கொடுத்தார். நாங்கள் கடல் தாண்டி வந்து குடியேறிய இந்த ஜார்ஜ் டவுனின் வரைபடம். தெருப் பெயர்களெல்லாம் தமிழில் அச்சாகியிருந்தன. கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் இனி இதில் ஒன்று கொடுக்கப்போகிறார்களாம்.

"இனிமே யாரும் கூட நடக்க வேண்டியதில்ல அண்ணே. நீங்க அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு நம்ம ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்றார்.

நான் தாளை வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனேன். அவர் சிரித்துவிட்டார். பழக்க தோஷம், என்ன செய்வது? மை வாசனைதான் அடித்தது. இரண்டு பக்கத்தில் எனக்கு முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

என் வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. ஏட்டில் குமாஸ்தா என்று இருந்தது. விடுதியில் எல்லோரும் நடைக்காரர் என்றார்கள். சூலியாத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது எங்கள் விடுதி. முன்னால் வந்து காலூன்றிய தமிழர்கள், குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் கடைக்காரர்களும் சேர்ந்து, பின்னால் வருகிறவர்களுக்காக நடத்தினார்கள். வந்தவருக்குப் பதினைந்து நாள் பாயும் சோறும் உண்டு. அந்தப் பதினைந்து நாளுக்குள் அவர் இந்த ஊரில் தனியாக நடமாடக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் நான்.

நான் இங்கே வந்தது பெரிய யுத்தத்துக்கு முன்னால். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதினேன். காய்ச்சல் வந்தது. டவுனுக்கு ஓடிவந்து இதே விடுதியில் படுத்துக் கிடந்தேன். எழுந்து உட்கார்ந்ததும் அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள். என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான்.

மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டது மேனேஜர் சிங்கராயரிடம். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு, காலில் கான்வாஸ் சப்பாத்து. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு கேள்வி கேட்பார், பதில் வரும்வரை கிராம்பை மென்றுகொண்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். திட்டு வாங்குவதே மேல் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அவர் வைத்த முறை மூன்று நடை. முதல் நாள் புதியவருக்கு முன்னால் நாங்கள் நடக்க வேண்டும். இரண்டாம் நாள் பக்கத்தில் நடக்க வேண்டும், வழியை அவர் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் அவரைத் தனியாக அனுப்பிவிட்டு, அவருக்குத் தெரியாமல் இருபது அடி பின்னால் போக வேண்டும். ஒவ்வொரு நடை முடிந்ததும் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால்தான் ஆள் ஊருக்குத் தேறியதாகக் கணக்கு. கான்வாஸ் சப்பாத்து அந்த மூன்றாவது நடைக்காகத்தான்.

நான் தோல் செருப்போடு கிளம்பிய முதல் நாளிலேயே என்னை நிறுத்தினார். "செருப்புச் சத்தம் கேட்டா அவங்க உன்னய நம்பி நடப்பாங்க பாக்கியம். வழிய நம்பி நடக்க மாட்டாங்க" என்றார். அடுத்த வாரமே நானும் ஒரு ஜோடி கான்வாஸ் வாங்கிவிட்டேன்.

வழியைச் சொல்லிக் கொடுப்பது லேசான வேலை இல்லை. வருகிறவர்களில் பாதிப்பேருக்குமேல் எழுத்து தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை, பலகைகள் சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஒரே தெருவுக்கு முனிசிபாலிட்டி ஒரு பெயர் வைத்திருக்கும், ரிக்‌ஷா இழுக்கும் சீனர் ஒரு பெயர் சொல்வார், நாம் ஒரு பெயர் சொல்வோம். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மூக்கு.

இந்த ஊரைக் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்கள் சந்து திரும்பியதும் காப்பிக்கொட்டை வறுக்கும் கடை. சீனியும் வெண்ணெயும் போட்டுக் கறுக்க வறுப்பார்கள், வாசனை தெருவையே நிறைத்து நிற்கும். அதைத் தாண்டினால் சீனர்களின் ஊதுபத்தித் தூள் இடிக்கும் கொட்டகை. பிறகு கிராம்பும் சாதிக்காயும் அடைத்த கிட்டங்கி. அங்கே திரும்பினால் மார்க்கெட்டின் கருவாடு. அதற்கப்புறம் குதிரை லாயம். கடைசியில் மரங்களடியில் நீண்ட ரோடு, அதன் முடிவில் ஆஸ்பத்திரியின் கார்பாலிக் நெடி. இப்படி ஒவ்வொரு வழிக்கும் ஒரு மாலை கட்டி வைத்திருந்தேன். காலைப் பனி விலகாத நேரத்தில் கிளம்புவோம். எதிர்க்கரைக் கெடா மலைகள் கடலுக்குமேல் மிதப்பதுபோலத் தெரியும். கப்பலில் வந்தவர்களுக்கு நிலத்திலும் இரண்டு மூன்று நாள் ஆட்டம் இருக்கும், பாதித் தூக்கத்தில் நடப்பார்கள். அந்த மயக்கத்தில் எந்தத் தெருப் பெயரும் மனசில் ஏறாது. வாசனை ஏறிவிடும். எனக்கே அந்தக் காலைகள் இன்றைக்குக் கனவுபோலத்தான் வருகின்றன. யார் முகமும் தெளிவாக இல்லை, சாதிக்காய் வாசனை மட்டும் தெளிவாக இருக்கிறது.

சிங்கராயருக்கு என் மூக்கு வித்தை முழுதாகப் பிடிக்கவில்லை. "காத்துல வர்றது பாக்கியம் அது. காத்து மாறும்" என்றார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "சரி, வச்சுக்க. மூணாவது நடைய மட்டும் விட்றாத" என்றார்.

விட்டேன். ஒரே ஒரு முறை.

யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து அந்தோணி என்றொருவர் முன்பே வந்து துறைமுகத்தில் தொங்கான் படகுகளில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் விடுதியில் தங்கித் தேறியவர்தான். மனைவி லூர்துமேரியை வரவழைத்திருந்தார். அவள் கப்பலில் வந்து, எல்லோரையும்போல முதலில், தொற்றுநோய் இல்லை என்று தெரியும்வரை நிறுத்திவைக்கும் தனிமைத் தீவில் நாட்களைக் கழித்தாள். அந்த நாட்களில்தான், தீவிலிருந்து பார்த்தால் தெரிகிற இந்தக் கரையில், வெள்ளீயக் கட்டிகள் சரிந்து அந்தோணியின் வலது கால் கணுக்காலுக்குமேல் நசுங்கிவிட்டது.

தீவிலிருந்து வந்த லாஞ்ச் படகிலிருந்து தகரப் பெட்டியோடு இறங்கியவளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன்.

"உசிரோட இருக்காரா அண்ணே?"

"இருக்காரு தங்கச்சி. ஆஸ்பத்திரில இருக்காரு."

"அப்ப நடங்க" என்றாள்.

பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன். அது எங்கள் விடுதியின் முதல் பாடம். அந்தக் காலத்தில் புதியவர்களை ஏமாற்றி எங்கெங்கோ கொண்டுபோய் விற்றுவிடும் தரகர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். அதனால் இரண்டு சங்கதி. "வழி காட்டுறேன்னு எவன் வந்தாலும், தமிழே பேசினாலும், கூடப் போகாத. வழி தப்பிட்டா எங்கயும் அலையாம கடலுக்கு வந்துரு. இந்த மணிக்கூண்டுக்கு எதிர்ல, படகுத்துறை ஓரத்துல உக்காரு. நான் வந்து கூட்டிக்கிறேன்." எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ. வாய் தானாகச் சொல்லும், காது கேட்காது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

அன்றே முதல் நடை. நான் முன்னால், அவள் பின்னால். மறுநாள் இரண்டாவது நடை. என்னை அசத்திவிட்டாள். "இது காப்பி. இது சாமிப் பத்தி. இங்க கிராம்பு, திரும்பணும்" என்று ஒரு இடத்திலும் தவறாமல் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வித்தைக்கு இப்படி ஒரு மூக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அன்று சாயங்காலம், புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் எங்களை அந்தோணியின் கட்டிலருகே கூப்பிட்டார். கால் கறுத்துக்கொண்டு வருகிறது, விஷம் மேலே ஏறுகிறது, இப்போதே எடுத்தால் முட்டிக்குக் கீழே எடுக்கலாம் என்றார். முட்டி மிஞ்சினால் மரக்கால் மாட்டி நடக்கலாம், வேலைகூடப் பார்க்கலாம். அந்தோணி ஒப்புக்கொள்ளவில்லை. "அவ சொல்லட்டும். என்னய நம்பிக் கடல் தாண்டி வந்தவ. அவ சரின்னா சரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். லூர்துமேரி அவர் காலைப் பார்த்தபடி நின்றாள். "ராத்திரி மாதாகிட்ட கேட்டுட்டு, காலைல வந்து சொல்றேன்" என்றாள். காலை பத்து மணிக்கு டாக்டர் வருவார், அதற்குள் வந்துவிட வேண்டும் என்றார் டிரெஸ்ஸர்.

விடுதிக்குத் திரும்பினால் தகவல் காத்திருந்தது. மறுநாள் காலை தீவிலிருந்து லாஞ்ச் வருகிறது, நிறைய ஆட்கள். நான் படகுத்துறையில் இருந்தாக வேண்டும். லூர்துமேரியோ, "எனக்குத்தான் வழி தெரியுமேண்ணே. நீங்க அவங்களப் பாருங்க" என்றாள். இவளுக்கு எதற்கு மூன்றாவது நடை என்று எனக்கும் தோன்றியது. ஏட்டைத் திறந்து மூன்றாவது கோட்டை அப்போதே போட்டுவிட்டேன். சிங்கராயர் அதைப் பார்த்தால் நான் போய்வந்ததாகத்தான் நினைப்பார் என்பதும் எனக்குத் தெரியும். இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று மாலை காப்பி வறுக்கும் கடைச் சீனர் என்னைக் கூப்பிட்டு இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். நாளைக்குப் பெருநாள், நாலு நாள் கடை கிடையாது என்றும் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு, பழத்தை உரித்துத் தின்றுகொண்டே விடுதிக்குள் போனேன். அந்தப் பழம் கையில் இருக்கும்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது ஊரே வேறு ஊராக இருந்தது. சீனப் பெருநாள். காப்பிக்கடை மூடியிருந்தது. ஊதுபத்திக் கொட்டகையில் உலக்கைச் சத்தம் இல்லை. கிட்டங்கிக் கதவுகளில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. தெருவெல்லாம் பட்டாசுப் புகை வெள்ளையாகப் படிந்து எதிரே வருகிறவர் தெரியவில்லை. கந்தக நெடியைத் தவிர ஊரில் வேறு வாசனையே கிடையாது. நான் அந்தப் புகைக்குள் லாஞ்சுக்காக நடந்தேன். ஆட்களை இறக்கினேன், என் இரண்டு பாடத்தையும் சொன்னேன், ஒன்பது மணிக்குள் அவர்களை விடுதிக்குக் கூட்டிவந்து இலை போட்டேன்.

பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்தான். இந்த ஊரிலேயே பிறந்த பையன். "என்னாண்ணே, அந்த அக்கா வரவே இல்லலா. டாக்டர் பார்த்துட்டுப் போய்ட்டாரு. அவருகிட்ட எவ்வளவோ சொல்லியாச்சு, அவ வரட்டும்னே சொல்லிட்டிருக்காரு" என்றான். அவள் ஏழு மணிக்கே தூக்குச் சட்டியோடு கிளம்பிவிட்டாள் என்று விடுதிப் பெண்கள் சொன்னார்கள்.

ஓடினேன். ஆஸ்பத்திரி வழியை இரண்டு முறை அளந்தேன். மாதா கோவில், மார்க்கெட், போலீஸ் நிலையம், தெரிந்த தமிழ்க் கடைகள் எல்லாம் பார்த்தேன். தரகன் எவனாவது கொண்டுபோயிருப்பானோ என்று ரிக்‌ஷாக்காரர்களிடமும் விசாரித்தேன். இரண்டரை மணிக்கு விடுதிக்கு வந்து சிங்கராயர் முன்னால் நின்றேன்.

அவர் ஏட்டை எடுத்தார். அவள் பெயருக்கு எதிரே மூன்று கோடு. ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது என்று விரலால் தடவினார்.

"இது எப்பப் போட்டது பாக்கியம்?"

"நேத்து சாயங்காலம்."

மென்றுகொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அவர் அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை, அன்றைக்கும் சரி, சாகும்வரைக்கும் சரி.

"வந்து எறங்குன அன்னைக்கு அவகிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டார்.

பதில் சொல்ல நான் நிற்கவில்லை.

மணிக்கூண்டுக்கு எதிரே, படகுத்துறை ஓரத்தில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தூக்குச் சட்டி மடியில் இருந்தது. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே அங்கேதான் இருந்தாளாம். நான் அங்கிருந்து கிளம்பிப் போய் ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். யாரோ இரண்டு பேர் வழி காட்டுகிறேன் என்று வந்தபோதும் அசையவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க சொன்ன எடத்துலதான் இருக்கேண்ணே" என்றாள். பிறகு, "எடுக்கச் சொல்லுங்க. நான் ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். ஆளு இருந்தாப் போதும்" என்றாள்.

ரிக்‌ஷாவில் போனோம். டாக்டரை மறுபடி வரவழைத்து அந்தி சாயும் நேரத்தில் அறுத்தார்கள். அதற்குள் கறுப்பு ஏறியிருந்தது. முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

அந்தோணி பிழைத்தார். கக்கத்தில் கட்டை வைத்துத்தான் நடந்தார். சுமைவேலைக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. அந்த ஒரு சாண் வித்தியாசத்தை நான் தினமும் பார்த்தேன். ஏனென்றால் லூர்துமேரி எங்கள் சந்து முனையிலேயே, காப்பிக்கடைக்கு எதிர்ப்பக்கம், ஆப்பக்கடை போட்டாள். அவர் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து தேங்காய் துருவுவார். என்னைப் பார்த்தால் கையை உயர்த்துவார். நானும் உயர்த்துவேன். ஒரு நாளும் மனசார உயர்த்தியதில்லை.

அதற்குப் பிறகு என் ஏட்டில் நடக்காத நடைக்குக் கோடு விழவில்லை. மூக்கு வழியை நான் விட்டுவிடவில்லை, ஆனால் கூடவே மலை எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். வாசனை மாலையில் ஒன்று மட்டும் மாறியது. காப்பிக்கு முன்னால் தேங்காய்ப்பால் கருகும் ஆப்பச்சட்டி வந்து சேர்ந்தது.

பல வருஷம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். அவள் கடைக்கு விடுமுறையே இல்லை. தீபாவளி, முஸ்லிம்களின் ஹரிராயா, கிறிஸ்துமஸ், எந்த நாளிலும் அடுப்பு எரியும். சீனப் பெருநாளில் அந்தத் தெருவில் எரிகிற ஒரே அடுப்பு அவளுடையதுதான். பெரிய வெள்ளியன்று, அவர்கள் வாயில் தண்ணீர்கூடப் படாமல் இருக்கிற நாளில், வியாபாரம் கிடையாது. ஆனாலும் காலையில் வந்து சட்டியைச் சூடாக்கி, ஒரு கரண்டி தேங்காய்ப்பாலை ஊற்றிக் கருகவிட்டுவிட்டுக் கோவிலுக்குப் போவாள்.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் போய் அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். "விக்காத நாள்லயும் எதுக்கும்மா அடுப்பு மூட்டுறே?" என்று கேட்டேன்.

"புதுசா யாராச்சும் இந்த வாசனைய வச்சுத்தானே அண்ணே வந்துட்டிருப்பாங்க. நீங்கதானே சொல்லிக் குடுக்குறீங்க. இல்லாமப் போனா அவங்க எங்க நிப்பாங்க?" என்றாள், சட்டியைச் சுழற்றிக்கொண்டே.

அப்போதுதான் எனக்குச் சொல்ல வாய் வந்தது. மூன்றாவது நடையைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் நாள் பின்னால் வர வேண்டியவன் நான் என்பதையும், வராமலே கோடு போட்டதையும் சொன்னேன். அந்தோணி துருவுவதை நிறுத்தினார்.

"தெரியும்ணே" என்றாள் அவள். "லாஞ்சுக்குப் போறேன்னு சொன்னாலும், மூணாம் நாள் நீங்க சத்தமில்லாமப் பின்னால வருவீங்கன்னு விடுதிப் பொம்பளைங்க முந்தின ராத்திரியே சொல்லிட்டாங்க. அதான் காப்பி வாசன வரலைன்னப்பவும் நான் பயப்படல. தப்பாப் போனா அண்ணன் வந்து புடிச்சுருவாருன்னு நெனச்சுக்கிட்டே போனேன். ரொம்ப தூரம் போனப்பறம்தான் திரும்பிப் பார்த்தேன். பொகையாத்தான் இருந்துச்சு."

கொஞ்ச நேரத்தில் மறுபடி தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அவள் ஒரு ஆப்பத்தை எடுத்து என் தட்டில் வைத்து, "ஆறிப்போகும், சாப்பிடுங்க" என்றாள். என்னால் உடனே சாப்பிட முடியவில்லை. அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

செயலாளர் தம்பிக்கு: உங்கள் வரைபடம் நன்றாகவே இருக்கிறது, எல்லோருக்கும் கொடுங்கள். ஆனால் மூன்றாம் நாள் பின்னால் போவதற்கு ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். கான்வாஸ் சப்பாத்து இன்னும் இருக்கிறது. மெதுவாகத்தான் நடப்பேன், புதிதாக வருகிறவர்களும் மெதுவாகத்தான் நடப்பார்கள்.